பாஸ்புக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா?

திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். கணவன் மனைவியாக வருகிறவர்களிடம் ஒன்றைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவியின் கணக்கைப் பற்றி மனைவியிடம் கேட்டாலும் பதில் கணவரிடமிருந்துதான் வரும். "டெபாசிட் எந்த பேங்க்ல போட்டிருக்கீங்க மேடம்?" என்று கேட்டால் அவர் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர்கூட அப்படித்தான். "எல்லாம் அவருக்குத்தாங்க தெரியும்." இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தம் எதுவும் தெரியாது, பெரும்பாலும் ஒரு நிம்மதிதான் தெரியும், நம்மைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார் என்கிற நிம்மதி. எனக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. "எங்க வீட்ல ஒளிவுமறைவே கிடையாதுங்க, என் ஏடிஎம் கார்டு, பின் நம்பர், போன் பேட்டர்ன் எல்லாம் இவளுக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான், அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் பின் நம்பர் தெரிந்திருப்பதால் மட்டும் வங்கியின் கண்ணில் நீங்கள் அந்தக் கணக்குக்கு உரியவர் ஆகிவிட மாட்டீர்கள். பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு பத்திரிகைகளில் வந்தது. 2013-இல், பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண் தன் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து சீட்டு வந்தது, பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. அவர்கள் நுகர்வோர் நீதிமன்றம் வரை போனார்கள். 2018-இல் தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாக வந்தது. பின் நம்பரைக் கணவரிடம் சொன்னதே விதிமீறல், போக முடியாவிட்டால் காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். படித்தபோது கோபமாகத்தான் வந்தது. கைக்குழந்தையோடு இருக்கிறவள் வேறு யாரிடம் கொடுப்பாள்? ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. நாம் வீட்டுக்குள் எதை எப்படிப் பகிர்ந்துகொண்டாலும், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஏட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு நடந்ததை வைத்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அவர் கணவருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. நல்ல மனுஷன், வீட்டுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. ஒருநாள் கடையிலேயே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா ஒரு மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்துக் கொட்டினார். மூன்று பாஸ்புக். அதில் ஒன்றில் கடைசியாக வரவு பதிந்து வருடக்கணக்காகியிருந்தது. ரப்பர் பேண்ட் போட்ட எல்ஐசி ரசீதுகள், இரண்டு சீட்டு அட்டைகள், அதில் ஒன்று ஏற்கெனவே எடுத்த சீட்டா எடுக்காத சீட்டா என்று அட்டையைப் பார்த்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நகை அடகு ரசீது. "இந்த நகை என்னுதுதான் கண்ணு, கடைக்குச் சரக்கு எடுக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு. ஆனா எந்த நகைன்னு ரசீதுல பாத்து சொல்லேன்." எடையும் எண்ணிக்கையும்தான் போட்டிருந்தது. அப்புறம் அவருடைய போன். கைரேகை வைத்தால் மட்டுமே திறக்கிற மாதிரி வைத்திருந்தார், நம்பர் யாருக்கும் தெரியாது. வங்கியிலிருந்து வருகிற எல்லாக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் அதற்குள்தான் இருந்தன.

ஏடிஎம் பின் நம்பர் அக்காவுக்குத் தெரியும். காரியச் செலவுக்குப் பையன் அதில்தான் பணம் எடுத்திருந்தான். கணக்குக்காரர் இறந்த பிறகு அவர் கார்டில் பணம் எடுக்கக்கூடாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இறப்புச் சான்றிதழோடு நானும் அக்காவுடன் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கடுமையாகப் பேசவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "இந்த அக்கவுண்ட்ல உங்க பேரு இல்லைங்களேம்மா. டெபாசிட்ல நாமினி வேற ஒருத்தங்க இருக்காங்க." அந்த வேறு ஒருத்தர், அக்காவின் மாமியார். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகக் கணக்குத் தொடங்கியபோது அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறார், அதற்கப்புறம் டெபாசிட்டைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் அதே பெயர் தொடர்ந்து வந்திருக்கிறது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் துறையூரில் மூத்த மகன் வீட்டில் இருக்கிற எண்பது வயது அம்மா அவர், எதைக் கேட்டாலும் பதில் சொன்னது மூத்த மகன்தான்.

இந்த நாமினி விஷயத்தில் நம் ஊரில் பெரிய குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். வங்கி டெபாசிட்டில் நாமினி என்றால் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும். 1984-இல் ஒரு எல்ஐசி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது, 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகளுக்கும் இதே மாதிரிதான் என்று தீர்ப்பு வந்தது. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் 1956-ஆம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அக்கா வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆக நான்கில் ஒன்று அக்காவுக்கு, நான்கில் ஒன்று மாமியாருக்கு. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வேறு கணக்கு. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடும். அதனால் கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் இருந்து அதை மாற்றாமல் விட்டால், மனைவிக்கு அதில் ஒன்றும் வராமல் போகலாம். அம்மாவுக்குக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. யோசித்துக் கொடுத்தால் சரி, மறதியில் கொடுத்துவிடக் கூடாது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போட்டு ஆளுக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுத முடியும், ஆகவே அம்மாவா மனைவியா என்று தவிக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

அக்காவின் கதைக்கு வருகிறேன். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ விசாரணை, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரணை எல்லாம் முடிந்து தாசில்தார் கையெழுத்தாகி வந்து, மாமியாரைத் துறையூரிலிருந்து காரில் கூட்டிவந்து கைநாட்டு வாங்கி, அதற்குள் சீட்டுக்காரர் தவணை கேட்டு வந்து, கடை வாடகை நின்று... அந்தக் காலம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பெரிந்தது ஒரே ஒரு கணக்கால்தான். பையன் காலேஜ் பீஸ் கட்டுவதற்காக வங்கி ஊழியர் ஒருவர் சொல்லி, இரண்டு பேர் பெயரிலும் தொடங்கிய கணக்கு அது. பெரிய தொகை இல்லை. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டு அக்காவால் அன்றைக்கே பணம் எடுக்க முடிந்தது, யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கணக்கு 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் இருந்தது. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் இல்லாமல் போனால் இன்னொருவர் தொடரலாம். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், ஜாயின்ட் அக்கவுண்ட் என்ற பெயரில் வீட்டில் இருப்பது பல சமயம் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்'. அதில் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கிறவரை அவர் மட்டும்தான் இயக்க முடியும், இரண்டாவது பெயர்க்காரருக்கு அதுவரை ஒன்றும் செய்ய வழியில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்ட மனைவி தனக்கும் அதில் உரிமை இருக்கிறது என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருப்பார். பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே எந்த முறை என்று அச்சடித்திருப்பார்கள், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டெபாசிட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இருவர் பெயரில் இருந்தாலும், ஒருவர் இறந்தபின் முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால், அப்படி எடுக்கலாம் என்று இருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். எழுதிக் கொடுப்பது ஒரு கையெழுத்து வேலை, டெபாசிட் போடும் அன்றைக்கே முடிந்துவிடும்.

இப்படி யாருக்கும் தெரியாமல் போன பணம் நாட்டில் எவ்வளவு கிடக்கிறது தெரியுமா? பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் முடிவில் அதில் 78,213 கோடி ரூபாய் இருந்தது. அதில் எத்தனை அக்காக்களின் பணமோ! இப்படித் தொலைந்த கணக்குகளைத் தேடுவதற்கு 2023 ஆகஸ்டில் உத்கம் என்று ஒரு இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. அப்பா, தாத்தா பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லி அனுப்புகிறேன்.

சரி, இதுவரை சொன்னது கணவர் பெயரில் எல்லாம் இருக்கிற வீட்டைப் பற்றி. மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எழுதுவதற்குத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். சம்பாதிக்கிறவள் மனைவி, கணக்கும் அவள் பெயரில்தான், ஆனால் கார்டு கணவர் சட்டைப்பையில். வங்கியில் கொடுத்திருக்கிற போன் நம்பரும் அவருடையது. சம்பளம் வந்தது அவளுக்கு முன் அவருக்குத் தெரியும். அவள் காலையில் பஸ்ஸுக்கு நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஏட்டில் பெயர் இருக்கிறது, சட்டப்படி முழு உரிமை இருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை. இது படிக்காதவர் வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், நான் பார்க்கிற ஃபார்ம் 16-கள், அதாவது சம்பளத்துக்கும் பிடித்த வரிக்குமான சான்றுகள், வேறு மாதிரிச் சொல்கின்றன. கணக்குத் தாக்கலின்போது ஓடிபி கேட்டால் "அவர் போனுக்கு வரும், அவர் மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்கிற பெண் அதிகாரிகளை எனக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் பெண்கள் கணக்கில் நேரடியாக விழ ஆரம்பித்தபோது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா முதல் வேலையாகத் தன் போன் நம்பரை வங்கியில் மாற்றச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அதில் மகன் நம்பர் இருந்தது. "காசு வந்தா என் போன்ல டிங்குனு சத்தம் வரணும்" என்றார். படித்து வேலை பார்க்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்த ஒன்றைத்தான்.

நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு சேர்த்தார்கள். கணவர் நல்லவராக இருந்தாலும் சேர்த்தார்கள். திடீரென்று மகள் வந்து நின்றால், பேரனுக்குக் காய்ச்சல் வந்தால், யாரையும் கேட்காமல் கொடுக்க ஒரு பணம் வேண்டியிருந்தது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது அந்தச் சிறுவாடு எல்லாம் வெளியே வந்தது. வீடு வீடாகப் பெண்கள் தங்கள் ரகசியத்தைக் கணவரிடம் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டி வந்தது. சில வீடுகளில் சிரிப்பு, சில வீடுகளில் அடி. சொந்தக் கணக்கு இருந்தவர்கள் மட்டும் தாங்களே போய்ப் போட்டார்கள். இரண்டரை லட்சம் வரை குடும்பத்தலைவிகள் அப்படிப் போட்ட பணத்தைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று 2021-இல் ஆக்ராவில் வருமானவரித் தீர்ப்பாயம் சொன்னது. குவாலியரில் ஒரு பெண் தான் சேர்த்த 2,11,500 ரூபாய்க்காக அதுவரை போராட வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று அலுவலகத்தில் நான் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் அவரவர் அம்மாவைப் பற்றிப் பேசினோம்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஜாயின்ட் கணக்கில் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பச் செலவுக்குப் பொதுவில் ஒன்று, அதில் இருவர் பெயரும், இருவர் கையிலும் கார்டு. அது போக அவரவர்க்கு ஒரு தனிக் கணக்கு, அதில் என்ன செலவு செய்தாய் என்று மற்றவர் கேட்கக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஜாயின்ட் கணக்கில் ஆபத்தும் உண்டு. எய்தர் ஆர் சர்வைவர் என்றால் ஒருவரே மொத்தத்தையும் உருவிவிட முடியும், வங்கி தடுக்காது. சண்டை முற்றிய வீடுகளில் இது நடக்கிறது. அடி வாங்குகிற வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு நான் சொல்வது வேறு: உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, உங்கள் போன் நம்பர், பாஸ்புக் அம்மா வீட்டில்.

வேலைக்குப் போகாத மனைவிக்கு எதற்குத் தனிக் கணக்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. கணவர் நெய்வேலியில் வேலை பார்த்து பிறகு சவுதிக்குப் போனவர், அவர் அனுப்பிய பணத்தில் மனைவி இங்கே குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். எல்லாம் என் பணம்தான் என்று கணவர் தரப்பு வாதாடியது. வீட்டை அவள் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அவளுக்கும் சம பங்கு என்றார் நீதிபதி. மறுவருடம், 2024 ஜூலையில், ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாகரத்னா, இல்லத்தரசியான மனைவிக்குப் பொருளாதார ஆதரவு வேண்டும் என்று எழுதும்போது ஜாயின்ட் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏடிஎம் கார்டு! எங்கள் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் அடுத்துக் கேட்பது வரி. மனைவி கணக்கில் பணம் போட்டால் வரி வருமா? கணவன் மனைவிக்குக் கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. அந்தப் பணத்தை டெபாசிட் போட்டு வருகிற வட்டி மட்டும் கொடுத்தவர் வருமானத்தில் சேரும். ஜாயின்ட் டெபாசிட் என்றால் முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில்தான் வட்டியிலிருந்து முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடிப்பார்கள், யார் பணமோ அவர் முதல் பெயராக இருந்துவிட்டால் சிக்கல் இல்லை. இதற்குப் பயந்து மனைவி பெயரைச் சேர்க்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில் உங்கள் கணக்கிலிருந்து மாதம் 15,000 வரை இன்னொருவர் தன் போனில் செலவு செய்ய அனுமதிக்கலாம், பின் நம்பரைச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்துக்கு நல்லது, வயதான அப்பா அம்மாவுக்கு ரொம்ப நல்லது. மனைவிக்கு அது மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் கணக்குகள், எந்தக் கிளை, எந்த முறை, நாமினி யார். அடுத்து பாலிசிகள், வேலை பார்க்கிற இடத்தில் குழுக் காப்பீடு எவ்வளவு, பிஎஃப் எண். கல்யாணத்துக்குப் பிறகு பிஎஃப் நாமினியைப் புதிதாகக் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்தது செல்லாது, நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு பக்கம் முழுக்கக் கடன்: வீட்டுக்கடன், என் கணவர் தன் தம்பிக்குக் கொடுத்தது, என் அண்ணனிடம் வாங்கியது. கடன் பக்கத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது. நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதை அவர் அப்போதுதான் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, அந்த நண்பரின் போன் நம்பரைக் கேட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பாஸ்வேர்டு எதையும் நோட்டில் எழுதுவதில்லை, போன் திறக்கிற நம்பர் மட்டும் இருவருக்கும் மனப்பாடம். எது இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சட்டப்படி போய் வாங்கிக்கொள்ளலாம். இருப்பதே தெரியாவிட்டால் எதைப் போய்க் கேட்பது?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அதை எடுத்து உட்காருவோம். சில மாதம் ஐந்து நிமிஷத்தில் முடியும், சில மாதம் முகம் தூக்கிக்கொண்டு எழுந்துபோவதும் உண்டு. பெண் பத்தாவது படிக்கிறாள், இப்போதெல்லாம் அவளும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். கூட்டல் அவள்தான் போடுகிறாள்.

இன்னும் முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. லாக்கர். அது இவர் பெயரிலும் என் மாமியார் பெயரிலும் இருக்கிறது. என் கல்யாண நகை அதில்தான் இருக்கிறது, ஆனால் எடுக்க வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் வர வேண்டும். "ஏங்க, என் பேரையும் சேர்த்துடலாமே" என்று போன மாதம் கேட்டேன். "அம்மா ஒண்ணு நினைச்சுப்பாங்களோ" என்றார். அத்தையிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது படிவத்தையும் கையோடு எடுத்துப் போகிறேன்.